தலையை எண்ணினால் போதுமா?

ஐயா, கனடாவின் வடகோடி நுனாவுட் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அங்கே 25 ஊர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலையே கிடையாது, பெரிய சிகிச்சை என்றால் விமானம்தான். வடக்கில் எல்லாவற்றுக்கும் செலவு கூடுதல் என்பதால் கனடாவின் மத்திய அரசு அந்தப் பிரதேசங்களுக்குத் தனிக் கணக்கில் நிதி தருகிறது. நம்மிடம் மலைப்பகுதி என்றால் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். சரி, நெல்லை மாவட்டத்தில் காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களை எந்த 3,000-இல் சேர்ப்பது?

போன ஐப்பசி மழையில் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரை அட்டையைப் பாலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, படகு வருமா வராதா என்று மதியம் வரை அணைக்கரையில் குத்தவைத்திருந்ததைப் பார்த்தேன். படகு டீசலையும் ஓட்டுபவர் சம்பளத்தையும் சுகாதார நிதியிலேயே சேர்த்து, வாரம் ஒரு நாள் செவிலியர் அக்கரைக்குப் போய்வர வழி செய்யலாம்.

– ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்