உப்பளத்து பாக்டீரியாவை உயிரோடு வையுங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் நுண்ணுயிரியல் துறைத் தலைவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும்,

வணக்கம்.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று உப்பளங்களில் மண்ணும் நீரும் எடுத்து, உப்பு தாங்கும் பாக்டீரியாக்களைப் பிரித்து, கிருமிக்கொல்லி இருக்கிறதா என்று தேடும் ஆய்வுகளுக்கு நம்மிடம் குறைவில்லை. தேட வேண்டியதுதான். மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. சாதாரண மண்ணில் தேடினால் ஸ்ட்ரெப்டோத்ரிசின், ஆக்டினோமைசின் என்று ஏற்கெனவே தெரிந்த கிருமிக்கொல்லிகள்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன. கடலைவிட ஏழு மடங்கு உப்பேறிய பாத்தியில் பிழைக்கிற உயிரிடம் வேறு சரக்கு இருக்கலாம் என்று நினைப்பது நியாயமே.

என் முறையீடு அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி. நோய்க்கிருமி வளரும் தட்டில், நம் பாக்டீரியாவின் சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் வரும். இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏறும், கட்டுரை வெளியாகும், வைவா எனும் வாய்மொழித் தேர்வு முடியும். பாக்டீரியா மட்டும் துறையின் பொது ஃப்ரிட்ஜில், மார்க்கர் எழுத்து அழிந்த குழாயில் காய்ந்துகொண்டிருக்கும். இடம் போதவில்லை என்று அடுத்த மாணவர் அதை ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி கொல்லும் கலனில், போட்டுவிடுவார். கட்டுரையில் நன்றாக வேலை செய்த ஓர் ஆக்டினோமைசீட் வகை பாக்டீரியாவைக் கேட்டு ஒரு துறைக்கு எழுதினேன். மாணவர் போய்விட்டார், கல்ச்சர் (உயிருள்ள வளர்ப்பு) இல்லை என்று பதில் வந்தது. ஜென்பேங்க் எண் இன்றும் இருக்கிறது. அதை வளர்த்து மருந்து எடுக்க முடியுமா?

பஹாமாஸ் கடலடி வண்டலிலிருந்து ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தார் பிரித்த சாலினிஸ்போரா டிராபிகா என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். கடல்நீர் சேர்க்காவிட்டால் வளராத பிடிவாதக்காரி. 2003-ல் அதிலிருந்து சாலினோஸ்போரமைடு ஏ கிடைத்தது. கிருமிக்கொல்லி அல்ல, புற்றுநோய்க்கான பொருள். மூளைப்புற்றுக்கான பெரிய சோதனையில் அது கைகொடுக்கவும் இல்லை. ஆனால் கல்ச்சர் பத்திரமாக இருந்தது. 2007-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட வேதிப்பொருள்களைச் செய்வதற்கே ஒதுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அவற்றில் பல, வழக்கமான ஒரு வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்தால் தலைகாட்டாதவை. நாம் ஆட்டோகிளேவில் போட்டவற்றுள் என்ன இருந்ததோ!

வளையத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து சதவீத உப்பில் வளர்த்த குழம்பை வடிகட்டி அப்படியே தட்டின் குழியில் ஊற்றினால், சோதனைக் கிருமியான ஈ.கோலையை அந்த உப்பே அடக்கியிருக்கலாம். இன்னொரு சோதனைக் கிருமியான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 7.5 சதவீத உப்பு ஊடகத்திலும் சுகமாக வளரும், ஈ.கோலை அப்படியல்ல. ஆகவே, பாக்டீரியா போடாத அதே உப்பு ஊடகத்தைப் பக்கத்துக் குழியில் ஊற்றிப் பார்க்காத வளையத்துக்கு அர்த்தம் கிடையாது. எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்தால் உப்பு நீரோடு தங்கிவிடும், அப்போது பேச்சே இல்லை. இதைக்கூடச் சொல்லாத கட்டுரைகள் வருகின்றன, நாமே மதிப்பீடு செய்து அனுமதிக்கிறோம்.

சரி, கேட்பது என்ன? புதிய இனம் என்று அறிவித்தால் மாதிரியைச் சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமே சொல்கிறது. பழைய இனத்தின் புதிய, வீரியமுள்ள திரிபுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் இழப்பு பெரும்பாலும் அங்கேதான். சண்டிகரிலும் புனேயிலும் நுண்ணுயிர்களுக்கான தேசியச் சேமிப்பகங்கள் உள்ளன. வளையம் காட்டியதாக ஆய்வேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு திரிபுக்கும் சேமிப்பக எண் இல்லாமல் வைவா தேதி தராதீர்கள். துறையிலும் கிளிசரால் சேர்த்து, மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் இரண்டு பிரதி வையுங்கள். ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடுத்த உப்பு சீசன் தை, மாசியில் தொடங்கிவிடும். புது மாணவர்கள் குப்பிகளோடு பாத்திக்கு வருவதற்குள் சுற்றறிக்கை வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உப்பள நுண்ணுயிர்களில் வேலை செய்யும் ஒரு கல்லூரி ஆசிரியர்,
தூத்துக்குடி