உள்ளறைக்கு ஒயரிங் செய்வது பற்றி நண்பருக்கு

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே ஐப்பசி மழை தாராளமாகப் பெய்து ஊருணி நிறைந்திருக்கிறது. கானாடுகாத்தான் வீட்டில் உன் பங்குக்குரிய இரட்டை வீட்டின் (வெளியறை, உள்ளறை என்று அடுத்தடுத்த இரண்டு அறைகள்) உள்ளறையைப் படிப்பறையாக மாற்றி, ஒயரிங் வேலையைப் பெரும்பாலும் உன் கையாலேயே செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். கட்டரை வாடகைக்கு எடுத்துச் சுவரில் காடி வெட்டிப் பைப்பை மறைத்துவிடலாம் என்ற வரியைப் படித்ததும்தான் இன்றே பதில் எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சுவரை வெட்டாதே. அரைத்த சுண்ணாம்பைப் பல படலங்களாகப் பூசி, மேற்படலத்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கண்ணாடிபோல் வழவழப்பாகும்வரை தேய்த்த பூச்சு அது. ஒரு விரல் அகலம் வெட்டினாலும் அதை மறுபடி அப்படியே பூசித் தரக்கூடிய கொத்தனார் இன்று அரிது. சிமெண்டால் அடைத்தாலோ, அது சுண்ணாம்போடு இசையாமல் விளிம்பில் வெடிப்பு விடும். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிச் சுற்றியுள்ள பூச்சும் பொரிந்து உதிரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் தொட வேண்டாம். நிலைக்கு மேலே, உத்தரம் சுவரில் அமரும் கோட்டை ஒட்டிப் பைப்பை வெளியிலேயே கிளிப் வைத்து ஓட்டி, வேண்டிய இடத்தில் மட்டும் நேர்செங்குத்தாகக் கீழே இறக்கு. உத்தரத்தின் நிழலில் அது கண்ணை உறுத்தாது என்பதோடு, பிற்காலத்தில் பழுது பார்க்கவும் எளிது. கம்பியை மூடும் பழைய மரக் கேசிங்கைத் திரும்பப் பயன்படுத்தும் ஆசை உனக்கு இருக்கலாம். கறையான் ஏறும் என்பதால் நான் அதற்கு உடன்பட மாட்டேன்.

அறைக்குள் எதை எங்கே வைப்பது என்பதைவிட, அறைக்கு மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது என்பதையே நீ முதலில் முடிவு செய்ய வேண்டும். வளவுப் பத்தியில் (நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) எரியும் விளக்கிலிருந்து ஒரு கிளை இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. பல புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்) சேர்ந்திருக்கும் நம் வீடுகளில், அவ்வப்போது அவரவர் வசதிக்கு இழுத்த கம்பிகளால் ஒருவருடைய பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) ஒரு வழியாகவும் நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) வேறொருவருடைய வழியாகவும் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீ பொருத்தப்போகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., உள்ளே போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று பார்த்து, வேறுபாடு வந்தால் துண்டிப்பது. அடுத்த புள்ளியின் நியூட்ரலோடு கலந்திருந்தால், கசிவே இல்லாதபோதும் அது துண்டித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தொல்லை பொறுக்காமல் அதையே கழற்றி வீசிய வீடுகள் உண்டு. எம்.சி.பி. (மின்பளு மீறினால் துண்டிக்கும் சுவிட்சு) இருக்கிறதே என்று அவர்கள் சொல்லும் சமாதானம் எனக்குப் பெரும் கவலை தருகிறது, ஏனெனில் எம்.சி.பி. கம்பியைச் சூடேறாமல் காக்குமே தவிர, அதிர்ச்சிக்கு ஆளானவரைக் காக்காது.

ஆகவே முகப்பில் உள்ள மீட்டரிலிருந்து பேஸ், நியூட்ரல், எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் கம்பி) மூன்றும் உனக்கென்றே தனியாக வர வேண்டும். தூரம் 40 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். 15 ஆம்பியர் இழுத்தாலும் வழியில் இழக்கும் மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்குள் நிற்கும். வெளியறையில் சிறிய டி.பி. (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்று வைத்து, அங்கிருந்து விளக்கு, மின்விசிறிக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்று தனித்தனியாகப் பிரித்துவிடு. ஒன்றரை டன் ஏசி 1,500 முதல் 1,800 வாட், அதாவது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். உன் ஒருவனுக்கு அது பெரிதில்லை. ஆனால் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று பங்காளிகள் கூடும் நாளில் எல்லா அறையும் ஒரே நேரத்தில் இயங்கும் என்பதையும் கணக்கில் சேர். அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாவிட்டால் மின்வாரியத்தில் கூட்டிக் கேட்க வேண்டும். மீட்டர் இன்னும் ஐயா பெயரில் இருப்பதால் பங்காளிகளிடம் இப்போதே பேசி வை.

எர்த் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த வீட்டின் பழைய ஒயரிங்கில் எர்த் கம்பியே கிடையாது. நம் பக்கத்துச் சரளை மண் கோடையில் வறண்டு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கொல்லையில், சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இறக்கிக் கரியும் உப்பும் இட்டு, மேலே மூடியுள்ள தொட்டி கட்டு. பங்குனி, சித்திரையில் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது.

உள்ளறைக்கு ஜன்னல் இல்லை என்பதால் எக்ஸாஸ்ட் விசிறிக்கும், மின்சாரம் போனால் தானே எரியும் ஒரு விளக்குக்கும் இடம் ஒதுக்கு. சுவிட்சு வெளிக் கதவருகே இருக்கட்டும். மற்றவை உன் விருப்பம்.

படம் வரைவதும், பைப் பொருத்துவதும், கம்பி இழுப்பதும் நீ செய். உரிமம் பெற்ற ஒருவரை முதலிலேயே பேசி, அவர் மேற்பார்வையில் செய். இணைப்பு கொடுப்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடு. மின்சாரம் கொடுக்குமுன் 500 வோல்ட் மெக்கரில் (கம்பி உறையின் மின்தடையை அளக்கும் கருவி) அவர் சோதிக்கும்போது, இன்சுலேஷன் தடை 1 மெகாஓமுக்குக் குறையாமல் இருப்பதை உன் கண்ணால் பார்த்துக்கொள்.

கம்பி வாங்கப் போகுமுன் இரண்டு அறைகளின் நீள அகல உயரம், கதவு நிலை இருக்கும் இடம், முகப்பிலிருந்து வரும் வழி ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். ஆச்சிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்