சோற்றோடு போட வேண்டிய மாத்திரை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, அசிட்டிக் அமிலத்திலிருந்து (வினிகரில் இருக்கும் அமிலம்) உண்டாகும் அசிடேட் என்ற சேர்மங்களைப் பற்றிய கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். தச்சரின் வெள்ளைப் பசை, மூக்குக் கண்ணாடிச் சட்டம், நகப்பூச்சை அழிக்கும் திரவம் எல்லாம் நன்றாகச் சொல்லப்பட்டிருந்தன. எங்கள் வீட்டில் தினமும் புழங்கும் அசிடேட் மட்டும் விட்டுப்போய்விட்டது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் சாப்பிடும் கால்சியம் அசிடேட் மாத்திரையைச் சொல்கிறேன்.

என் கணவரின் டயாலிசிஸுக்காக (இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை) வீரவநல்லூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்வருகிறோம். அங்கே ஓர் அம்மா என்னிடம், "மதினி, இது எலும்புக்குத்தான? வெறும் வயித்துல போட்டா நல்லாச் சேரும்லா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மருந்துக் கடை உறையில் காலை, மதியம், இரவு என்று மட்டுமே கிறுக்கியிருந்தது. கால்சியம் என்ற பெயரைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

உண்மையில் இந்த மாத்திரைக்குக் குடலுக்குள்தான் வேலை. சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்பைப் பிடித்து, இரத்தத்தில் சேரவிடாமல் மலத்தோடு வெளியேற்றிவிடும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பாஸ்பேட் இரத்தத்தில் தேங்கும். டயாலிசிஸால் முழுக்க எடுக்க முடியாது. உடம்பு அரிக்கும், எலும்பு நலியும், இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். சோறு போகும்போதே மாத்திரையும் உள்ளே போனால்தான் பலன். வெறும் வயிற்றில் போட்டால் அதற்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது, கால்சியம்தான் இரத்தத்தில் ஏறும். அதுவும் கெடுதலே. இரும்புச்சத்து மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக்குகளையும் இதோடு சேர்த்துப் போட்டால் அவை உடம்பில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கருவாடு, பால் எல்லாவற்றிலும் பாஸ்பேட் உண்டு. எதை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கோலா பானங்களில் பாஸ்பேட்டைத் தரும் பாஸ்பாரிக் அமிலத்தையே சேர்க்கிறார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து அதை வாங்கி வராதீர்கள்.

அப்புறம், டயாலிசிஸ் திரவத்திலேயே ஒரு காலத்தில் அசிடேட்டைத்தான் பெருமளவில் கலந்தார்கள். பலருக்கு இரத்த அழுத்தம் இறங்கி வாந்தி வந்ததால், 1980-களில் பைகார்பனேட்டுக்கு மாறத் தொடங்கினார்கள். கட்டுரையாளர் அடுத்த முறை இதையும் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த மாத்திரை கொடுக்கும்போது உறைமேல் 'சாப்பாட்டோடு' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாயால் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு வாசகி,
வீரவநல்லூர்