ஆடினது கேமரா இல்லங்க: போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவுக்கும் போட்டிய நடத்துற நண்பர்களுக்கும்,

வணக்கம். எந்தப் படத்தப் பத்தி எழுதறேன்னு உங்களுக்கே தெரியும், ஏற்கெனவே ரெண்டு மெயில் போட்டாச்சு, ரெண்டுக்கும் ஒரே பதில், "டியர் சார், நடுவர்களின் முடிவே இறுதியானது"ன்னு. (சார் இல்லங்க, மேடம். பேரைக்கூட படிக்கல போல.) முடிவு இறுதியாவே இருந்துட்டுப் போகட்டும், எனக்கு அதுல சண்டை இல்ல, இருபது வருஷமா போட்டிக்கு அனுப்பறவ நான், தோத்த படம் என்கிட்ட ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்க்கா கெடக்கு, ஒண்ணுக்காவது இப்படி லெட்டர் எழுதினது கெடையாது. இப்ப எழுத வெச்சது நீங்க முதல் ரவுண்டுலயே தள்ளிட்டு பக்கத்துல போட்ட அந்த ஒரு வரி. "தொழில்நுட்பக் குறை – கேமரா ஷேக்."

கேமரா ஆடலங்க. ஆடினது எங்கப்பா கை.

நான் கேக்கறத முதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் படிக்க உங்களுக்கு நேரம் இருக்குமோ என்னவோ. தொழில்நுட்பக் குறைன்னு ஒரு படத்தத் தள்றதுக்கு முன்னாடி எடுத்தவங்கள ஒரு வார்த்த கேளுங்க. அவ்ளோதான். பரிசு கேக்கல, மறுபடி மார்க் போடச் சொல்லல.

படத்த ஞாபகப்படுத்திக்கோங்க. ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, அதுல எங்கப்பா, இடது கை நாற்காலிக் கை மேல, வலது கை மடியில. அந்த வலது கை மட்டும் புகை மாதிரி கலங்கி இருக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எங்க முடியுதுன்னே தெரியாது. மத்த எல்லாம் எப்படி இருக்கு? சட்டையோட ரெண்டாவது பட்டன்ல நாலு ஓட்டையும் தெரியுது, அதுல ஒரு ஓட்டையில நூல் பிரிஞ்சு நிக்கறது தெரியுது, நாற்காலியோட பிரம்புப் பின்னல் ஒவ்வொண்ணா எண்ணலாம், மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் கத்தி மாதிரி இருக்கு. கேமரா ஆடியிருந்தா பட்டனும் சேந்து ஆடியிருக்கணும் இல்லையா, நாற்காலியும் சேந்து ஆடியிருக்கணும் இல்லையா? ட்ரைபாட்ல வெச்சு, கை ஆட்டத்த சரிக்கட்டற ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணி, ரெண்டு செகண்ட் டைமர் போட்டு எடுத்த படம் அது. ஃபோட்டோகிராஃபி கத்துக்க வந்த பசங்களுக்கு முதல் மாசமே சொல்லித் தர்ற விஷயம், ஃப்ரேம் பூரா ஒரே திசையில இழுத்திருந்தா கேமரா ஆடியிருக்கு, ஒரே எடத்துல மட்டும் இழுத்திருந்தா அங்க இருக்கற பொருள் நகந்திருக்கு. இத உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கேன்னு எனக்கே கூச்சமா இருக்கு.

அப்பாவுக்கு பார்க்கின்சன். இந்த நோயில கை சும்மா இருக்கும்போதுதான் அதிகமா ஆடும், ஒரு செகண்டுக்கு நாலுலேர்ந்து ஆறு தடவ, மாத்திரைய விரல்ல உருட்டற மாதிரி. ஏதாவது எடுக்கக் கை நீட்டினா அந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கும், திரும்ப மடியில வெச்சா ஆரம்பிச்சிடும். இன்னொண்ணு, முகம் இறுகிப் போயிடும், கண் சிமிட்டறது கொறஞ்சிடும். அந்தப் படத்துல முகம் அவ்ளோ ஷார்ப்பா இருக்கறதுக்கு என் தெறமை ஒண்ணும் காரணம் இல்ல, நோய்தான் முகத்த அப்படியே புடிச்சு வெச்சிருக்கு. கைய ஆட்டறதும் அதேதான். ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வரணும்னுதான் நான் மாசக்கணக்கா அலைஞ்சது.

எனக்குக் கேமரா புடிக்கச் சொல்லித் தந்ததே அப்பாதான். ஃபிலிம் காலம், ஒரு ரோலுக்கு 36 படம், அதுல எனக்கு ஆறு மட்டும் தருவாரு. "முழங்கைய விலாவோட ஒட்டி வெச்சுக்கோ, மூச்ச பாதி விட்டுட்டு நிறுத்து, பட்டன அமுக்கு, தட்டாத. கை ஆடக்கூடாது." அம்பது எம்எம் லென்ஸ்னா ஷட்டர் வேகம் 1/60 செகண்டுக்குக் கீழ போனா கையில புடிக்காதன்னு ஒரு சட்டம் வேற. பிரிண்ட் வந்ததும் லூப்ங்கற சின்ன பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொண்ணா பாப்பாரு, லேசா கலங்கியிருந்தா பின்பக்கம் பென்சில்ல "ஆடிருச்சு"ன்னு எழுதி வெப்பாரு. என் முதல் ரெண்டு வருஷத்துப் படம் பாதிக்கு மேல பின்னாடி "ஆடிருச்சு"தான்.

அதனாலயோ என்னவோ டிஜிட்டலுக்கு வந்ததும் எனக்கு ஷார்ப்னஸ் பைத்தியமே புடிச்சுது. எதையும் நூறு பர்சென்ட் ஜூம் பண்ணி இமை முடி எண்ணாம விட மாட்டேன், படத்துல இருக்கற ஆள் யாரு, என்ன மனநிலையில இருக்காருன்னு கேட்டா தெரியாது, ஃப்ரேமோட எந்த மூலை வரைக்கும் லென்ஸ் ஷார்ப்பா தாங்குதுன்னு கேட்டா சொல்லுவேன். அப்பறம் போட்டிக்கு என்ன புடிக்கும்னு கத்துக்கிட்டேன். கருப்பு வெள்ளையில சுருக்கம் விழுந்த முகம், தூசிக்குள்ள ஒரு வெளிச்சக் கோடு, பெரிய வெத்தெடத்துல ஒத்த ஆள். இந்த மூணையும் மாத்தி மாத்தி எடுத்தேன், சர்டிஃபிகேட் வந்துச்சு, நிறையவே வந்துச்சு, அதுல சிலது உங்க கையெழுத்தோடதான். அந்தப் படங்கள இப்ப எடுத்துப் பாத்தா யார் எடுத்ததுன்னே சொல்ல முடியல, எனக்கே.

அப்பாவுக்கு நோய்னு தெரிஞ்சு ஒரு வருஷம் நான் அவர எடுக்கவே இல்ல. அப்பறம் ஒரு நாள் எடுத்தேன், பழகின கை பழகின மாதிரியே போச்சு, ஷட்டர் 1/500 செகண்ட், லென்ஸ் தொறப்பு எஃப்2.8, வெளிச்சத்துக்கான உணர்திறன் ஐஎஸ்ஓ 6400. சும்மா கல்லுல செதுக்கின மாதிரி வந்துச்சு. அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "என்னடி இது, கை நிக்குது? இது அவர் கை மாதிரியே இல்லையே"ன்னாங்க. கேமராவத் தொட்டுக்கூடப் பாக்காத மனுஷி. இருபது வருஷத்துல எந்த ஜட்ஜும் சொல்லாதத ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாங்க.

அங்கேர்ந்துதான் ஷட்டர் வேகத்த கொறைக்க ஆரம்பிச்சேன். 1/60-ல கை கொஞ்சம் ஃபோகஸ் போன மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான். 1/15-ல நீங்க சொல்ற மாதிரி நெஜமாவே குறை மாதிரிதான் தெரிஞ்சுது, ஒத்துக்கறேன். ஒரு செகண்ட் வெச்சா கையே காணாமப் போய் மடியில வெறும் ஒரு கறை. 1/4 தான் சரியா வந்துச்சு, ஒரு முழு ஆட்டம் போய்ட்டுத் திரும்பற நேரம் அது, கையும் இருக்கு ஆட்டமும் இருக்கு. எஃப்5.6, ஐஎஸ்ஓ 200. கணக்குப் போட்டுப் பாருங்க, பழைய படத்துல இருந்த அதே பிரகாசம்தான், ஏழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) ஷட்டர்ல கூட்டி ஏழு ஸ்டாப் மத்த ரெண்டுலயும் கொறைச்சிருக்கேன். ஆனா வேற மனுஷன்.

அப்பாகிட்ட காட்டினப்போ அவரு கேட்டது, "எத்தனையில எடுத்தம்மா?" 1/4-ன்னேன். "கையில புடிச்சா?" இல்லப்பா, ஸ்டாண்டுன்னேன். கொஞ்சம் நேரம் கழிச்சு, "அப்ப சரி"ன்னாரு. அத விடப் பெரிய பாராட்டு எனக்கு வந்ததில்ல.

கலங்கின படம் எல்லாம் குறைன்னு வெச்சுக்கிட்டா நம்ம கலையோட சரித்திரத்துல பாதியத் தூக்கிக் கடாசணும். 1838-ல, ஃபோட்டோகிராஃபி பொறந்த புதுசுல, டாகேர் பாரிஸ் தெருவ எடுத்தாரே, நிமிஷக்கணக்குல எக்ஸ்போஷர், நடந்தவங்க வண்டி ஓட்டினவங்க எல்லாரும் அழிஞ்சு போய் ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ன ஒருத்தர் மட்டும் பதிஞ்சாரு, மனுஷன் பதிஞ்ச முதல் படங்கள்ல அது ஒண்ணுன்னு நீங்களே மேடையில பேசுவீங்க. ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயசுல, 1863-ல, மகள் குடுத்த கேமராவ வெச்சு ஆரம்பிச்சாங்க, அன்னைக்கு இருந்த ஃபோட்டோகிராஃபி சங்கத்துக்காரங்க ஃபோகஸே தெரியல இந்தம்மாவுக்குன்னு எழுதித் தள்ளினாங்க. அந்தம்மா படங்கள இன்னைக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ங்கற லண்டன் மியூசியம் 1865-லயே வாங்கி வெச்சிடுச்சு. பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் 1932-ல பாரிஸ் சாங்-லசார் ஸ்டேஷனுக்குப் பின்னாடி எடுத்த படத்துல தண்ணி மேல தாவற ஆள் கலங்கித்தான் இருக்காரு, போதாக்குறைக்கு கிராப் பண்ணின படம் வேற. உங்க போட்டிக்கு வந்திருந்தா முதல் ரவுண்டு தாண்டியிருக்குமா? ஷேக் ஒண்ணு, கிராப் ஒண்ணு, ரெண்டு குறை. (அவங்களோட என்னைய நான் சேத்துக்கல, அந்த அளவுக்கு இன்னும் புத்தி பேதலிக்கல.)

உலகப் பெரிய போட்டிங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவுல 2015-ல இறுதிக்கு முந்தின ரவுண்டு வரைக்கும் வந்த படங்கள்ல 20 சதவீதத்த, எடுத்த அப்பறம் மாத்தி வேல பண்ணியிருக்காங்கன்னு வெளிய தள்ளினாங்க, பெரிய சண்டையாச்சு. ஆனா அங்க எடுத்தவங்ககிட்ட ஒரிஜினல் ஃபைல கேட்டு வாங்கி, பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுத்தான் தள்ளினாங்க. ஏமாத்தியிருப்பாங்களோன்னு சந்தேகப்பட்ட படத்துக்கே அங்க ஒரு கேள்வி உண்டு. எனக்கு அது கூடக் கெடைக்கல.

உங்க கஷ்டம் தெரியாம பேசல. ஒரு தடவ நானும் நடுவரா ஒக்காந்திருக்கேன், சின்னப் போட்டிதான், நூத்துக்கணக்குல படம் வரிசையா ஸ்க்ரீன்ல ஓடும், ஒண்ணுக்கு நாலஞ்சு செகண்ட், கண்ணு எரியும், மத்தியானத்துக்கு மேல மூளை தானா "இது ஷார்ப், இது ஷார்ப் இல்ல"ன்னு ரெண்டு கூடையா பிரிக்க ஆரம்பிச்சிடும். அன்னைக்கு நான் எத்தன பேரோட அப்பாவத் தள்ளினேனோ. இந்த லெட்டர் எழுத ஒக்காந்ததுலேர்ந்து அதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு.

ஆனா ஒண்ணு, எங்க படத்தப் பாக்க நாலு செகண்ட்தான் இருக்கு உங்களுக்கு, விதிமுறை எழுத மட்டும் நாலு பக்கம் எப்படி இருக்கு? அனுப்பற படம் எல்லாத்தையும் போஸ்டர்லயும் காலண்டர்லயும் எப்ப வேணா போட்டுக்குவோம்னு பதினொண்ணாவது விதியில பொடி எழுத்துல இருக்கே, அது தோத்த படத்துக்கும் சேத்துத்தான? குறையுள்ள படத்த வெச்சு நீங்க காலண்டர் அடிச்சு என்ன பண்ணப்போறீங்க? நுழைவுக் கட்டணம் திரும்பத் தரப்பட மாட்டாதுன்னு மட்டும் நல்லா தடிச்ச எழுத்துல இருக்கு, அதுல எந்த ஷேக்கும் இல்ல. வருஷா வருஷம் ஜெயிக்கற பத்துப் படத்தையும் வரிசையா வெச்சா ஒரே ஆள் ஒரே வாரத்துல எடுத்த மாதிரி இருக்கு, அப்பறம் மேடையில ஏறி "இளைஞர்கள் புதுசா முயற்சி பண்ணணும்"னு பேச்சு. புதுசா பண்ணினா ஷேக். இப்ப ஃபோன்காரன் அவனே பல ஃப்ரேம ஒட்டி எல்லாத்தையும் ஷார்ப் ஆக்கிக் குடுத்துடறான், ஷார்ப்னஸ்தான் அளவுகோல்னா இனிமே ஜட்ஜுக்கு எதுக்குங்க வேல, அந்த ஃபோனையே நடுவரா ஒக்கார வெச்சுடலாம்.

மன்னிக்கணும், எங்கயோ போயிட்டேன். மரியாதையா கேக்கணும்னுதான் ஆரம்பிச்சேன்.

திரும்பவும் அதேதான் கேக்கறேன், ஒரு வார்த்த கேளுங்க. எல்லாப் படத்துக்கும் வேணாம், தொழில்நுட்பக் குறைன்னு எழுதப் போற படத்துக்கு மட்டும். "இது தெரிஞ்சு பண்ணினதா, தெரியாம நடந்ததா"ன்னு ஒரு வரி மெயில். பதில் வந்த பின்னாடியும் புடிக்கலன்னா தள்ளிடுங்க, "தெரிஞ்சுதான் பண்ணியிருக்காங்க, ஆனா எங்களுக்குப் புடிக்கல"ன்னு எழுதுங்க, அத நான் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன். எங்கப்பா கைய மட்டும் கேமரா ஷேக்னு எழுதி வெக்காதீங்க.

கேமராவுல பதிஞ்சபடியே இருக்கற ரா ஃபைல் ரெண்டையும் உங்க ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பியிருக்கேன், 1/500-ம் 1/4-ம், அதே நாற்காலி, அதே ஜன்னல். நேரம் கெடைக்கும்போது பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. தயவுசெஞ்சு.

ரிசல்ட் வந்துச்சான்னு அப்பா தெனமும் கேக்கறாரு. அவரு இன்னும் பழைய பழக்கம், காரணம் என்ன போட்டிருக்காங்கன்னுதான் முதல்ல கேப்பாரு. இன்னும் வரலப்பான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க முதல் ரவுண்டத் தாண்டாத ஒருத்தி