புஷ் இல்லாமல், அளவு சொல்லாமல் விற்ற குயிக் ஹிட்ச் குறித்த புகார்

அனுப்புநர்
கருவிகளைக் கூட்டாக வாங்கி ஓட்டும் விவசாயிகள்,
கோபி வட்டாரம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள், சேவைப் பிரிவு,
டிராக்டர் கருவிகள் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: தங்களிடம் வாங்கிய பிரிவு 1 குயிக் ஹிட்ச் 3 எண்ணம் – கருவிகளோடு பொருந்தாதது, பூட்டு நிற்காதது – மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த தை மாதம் தங்கள் ஈரோடு டீலர் மூலம் 3 குயிக் ஹிட்ச், அதாவது டிராக்டரின் பின்னால் மாட்டி, கருவியைக் கொக்கிகளால் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டம், வாங்கினோம். பிரிவு 1 என்பது பின்களின் அளவையும் இடைவெளியையும் வைத்துச் சொல்லும் தர வகை. பில் நகல் இணைத்துள்ளோம். "பிரிவு 1 கருவி எதுவானாலும் சீட்டை விட்டு இறங்காமல் மாட்டலாம், கருவியில் எந்த மாற்றமும் தேவையில்லை" என்று தங்கள் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறது. எங்களிடம் உள்ள கருவிகள் ஏழு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே அவற்றில் ஒன்றைக்கூடச் சரியாக மாட்ட முடியவில்லை. எங்கள் செலவில் பட்டறை வேலை செய்தபின் நான்கு பொருந்தின. மீதி மூன்று பழையபடி கையால் பின் (இரும்பு முளை) போட்டுத்தான் ஓடுகின்றன.

இந்தச் சாமானை நாங்கள் ஆசைக்கு வாங்கவில்லை. மஞ்சள் அறுவடை முடிந்த காட்டை அடுத்த நடவுக்குத் தயார் செய்ய முதலில் சட்டிக் கலப்பை, அப்புறம் ஒம்பது கொழு உள்ள ஒம்பது கலப்பை, அதன்மேல் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், கடைசியில் பார் பிடிக்கும் பார் கலப்பை என்று ஒரே டிராக்டரில் நான்கு கருவி மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு ஆள், 15 முதல் 20 நிமிடம். டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் நின்று கடப்பாரையால் நெம்பி, டிராக்டரின் கீழ்க் கையைக் கருவியின் பின்னில் ஏற்றுவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான நேரம். அந்த இடத்தில் ஆளே நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் பணம் கட்டினோம்.

முதல் குறை புஷ், அதாவது பின்மேல் ஏற்றும் உருளை வளையம். பிரிவு 1 கருவியின் கீழ்ப் பின் விட்டம் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. குயிக் ஹிட்ச் கொக்கிகளோ இந்த வெறும் பின்னுக்குச் செய்யப்படுவதில்லை. கீழ்க் கொக்கி ஏறக்குறைய 36.5 மி.மீ. புஷ்ஷுக்கும், மேல் கொக்கி ஏறக்குறைய 32 மி.மீ. புஷ்ஷுக்கும் வாய் திறந்திருக்கும். கருவியின் பின்மேல் புஷ் ஏறிய பிறகுதான் கொக்கி அதைக் கவ்வ முடியும். தங்கள் பெட்டியில் ஒரு புஷ்கூட இல்லை. புஷ் தேவை என்ற ஒரு வரிகூடத் துண்டறிக்கையில் இல்லை. வெறும் பின்னோடு மாட்டினால் கீழே 14.5 மி.மீ., மேலே 13 மி.மீ. ஆட்டம். ஒம்பது கலப்பை மண்ணில் இழுபடும்போது டாப் லிங்க் (டிராக்டரிலிருந்து மேல் பக்கம் வரும் இணைப்புத் தண்டு) அமுங்கும், தூக்கும்போது இழுபடும். ஒவ்வொரு தடவையும் அந்த 13 மி.மீ. ஓடிப்போய் 'டங்' என்று மோதும். டாப் லிங்க் வழியாக இழுவையை உணரும் ஹைட்ராலிக் உள்ள டிராக்டரில் இந்த ஆட்டத்தால் கருவி ஏறி ஏறி இறங்குகிறது, உழவு ஆழம் ஒரே சீராக வருவதில்லை. இரண்டே வாரத்தில் பார் கலப்பையின் பின்னில் கொக்கி விளிம்பு விழுந்து, நகக்கண் அளவுக்குப் பள்ளம் தெரிந்தது.

லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். கீழ்ப் பின்னுக்கு உள் விட்டம் 22.5, வெளி விட்டம் 36.5, மேல் பின்னுக்கு உள் 19.5, வெளி 31.7, நீளம் கொக்கியின் அகலத்தைவிட 2 மி.மீ. கூடுதல். நீளத்தைக் குறைத்தால் வாஷரும், பின் கழலாமல் நுனியில் போடும் லிஞ்ச் பின்னும் கொக்கியையே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். புஷ் சுற்றாது, கொக்கி கழலாது. ஒரு கருவிக்கு மூன்று புஷ், ஏழு கருவிக்கு இருபத்தொன்று. இது வாங்குகிறவர் தேடிப் போய்ச் செய்துகொள்ள வேண்டிய சாமான் அல்ல. குயிக் ஹிட்ச்சின் பாதியே இதுதான்.

இரண்டாவது குறை, இதைவிடப் பெரிது: உயரம். கீழ்ப் பின்கள் இரண்டின் மையக்கோட்டிலிருந்து மேல் பின்னின் மையம் வரை உள்ளதை மாஸ்ட் உயரம் என்கிறோம். மேலே ஒன்று, கீழே இரண்டு என்ற மூன்று புள்ளி இணைப்புக்கான சர்வதேச ஐ.எஸ்.ஓ. 730 தரத்தில் பிரிவு 1-க்கு இது 460 மி.மீ. அமெரிக்க வழக்கத்தில் வந்த குயிக் ஹிட்ச் சட்டங்களில் மேல் கொக்கி 15 அங்குலத்தில், அதாவது 381 மி.மீ.-இல் இருக்கும். தாங்கள் விற்ற மூன்றையும் அளந்தோம். மூன்றிலும் 381, ஒரே இடத்தில் வெல்டு, ஏற்றி இறக்க வழியில்லை. எங்கள் இரண்டு ரோட்டவேட்டர்களில் ஒன்றும் சட்டிக் கலப்பையும் 460. வித்தியாசம் 79 மி.மீ. நடப்பது என்னவென்றால், டிராக்டரைப் பின்னால் விட்டு ஹைட்ராலிக்கைத் தூக்கினால் கீழ்க் கொக்கிகள் பின்னைக் கவ்விக்கொள்கின்றன. மேல் பின்னோ கொக்கிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் சும்மா நிற்கிறது. அதைக் கவனிக்காமல் இன்னும் தூக்கினால் கருவி கீழ்ப் பின்னில் சுழன்று முன்னாலோ பின்னாலோ சாயும்.

இதற்குத் தங்கள் சேவை ஆள் போனில் சொன்ன வழி, "மாஸ்ட்டில் கீழே ஒரு ஓட்டை போட்டுக்குங்க" என்பது. போடலாம். ஆனால் சொல்ல வேண்டியதை அவர் சொல்லவில்லை. மாஸ்ட் உயரம் குறைந்தால், அதே சுமைக்கு டாப் லிங்க்கில் விழும் விசை அதே விகிதத்தில் ஏறும். 460-ஐ 381-ஆல் வகுத்தால் 1.2, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அந்த இடத்துத் தகடு அதற்கென்று செய்ததல்ல. ஓட்டையை விளிம்பை ஒட்டிப் போட்டால் முதல் கல்லிலேயே காது கிழியும். எங்கள் ஒம்பது கலப்பைக்கு இரு பக்கமும் 12 மி.மீ. தகடு வைத்து வெல்டு செய்து, அதற்கப்புறம்தான் 19.5 மி.மீ. துளை போட்டோம். அந்த 460 ரோட்டவேட்டரில் கை வைக்கவில்லை. மாஸ்ட்டில் வெல்டு வைத்தால் அந்த நிறுவனத்தின் வாரண்டி போய்விடும். உங்கள் சாமானுக்காக அடுத்தவர் வாரண்டியை நாங்கள் ஏன் இழக்க வேண்டும்?

டீலர் சொன்ன இன்னொரு வழி, மேல் கொக்கியை அறுத்து உயர்த்தி வெல்டு வைப்பது. அப்படிச் செய்தால் உங்கள் வாரண்டி செல்லாது என்று உங்கள் அட்டையே சொல்கிறது.

மேல் கொக்கியில் இன்னொன்றும் உண்டு. கருவியின் மாஸ்ட் இரட்டைத் தகடு. பிரிவு 1-இல் இரண்டுக்கும் நடுவே தரப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி 44.5 மி.மீ. கொக்கி அதற்குள் புகுந்துதான் பின்னைக் கவ்வ வேண்டும். தங்கள் கொக்கி 40 மி.மீ. அகலம்தான், அது சரி. ஆனால் அதன் அடியில் இரு பக்கமும் முட்டுத் தகடு வைத்து, வெல்டு மேடோடு சேர்த்து 52 மி.மீ. வரை போயிருக்கிறது. கொக்கி பாதி தூரம் நுழைந்ததும் அந்த வெல்டு மேடு மாஸ்ட் தகட்டில் இடித்து நின்றுவிடுகிறது. பெயின்ட் உரிந்த இடத்தைப் படத்தில் வட்டமிட்டிருக்கிறோம்.

கீழ்ப் பின்களின் இடைவெளியைப் பற்றி அதிகம் குறை சொல்ல மாட்டோம். தரப்படி அது 683 மி.மீ.; உங்கள் சட்டம் அதற்குச் சரியாகவே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பட்டறையில் செய்த பார் கலப்பை 665 தான். உள்ளே குறைந்தால் வாஷர் கோத்துச் சரிக்கட்டலாம், செய்துவிட்டோம். சட்டத்தின் அடியில் குறுக்குக் கம்பி வைக்காமல் டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு வழி விட்டதும் நல்ல வேலை.

மூன்றாவது குறையைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

கருவி தூக்கியிருக்கும்போது அதன் எடையே பின்னைக் கொக்கியின் அடியில் உட்கார வைக்கும். அப்போது பூட்டுக்கு வேலை இல்லை. கெட்டித் தரையில் கருவியை இறக்கும்போது, ரோட்டவேட்டர் கத்தி கல்லில் ஏறும்போது, வரப்பு தாண்டும்போது பின் மேல்நோக்கி உதைக்கும். அந்த நேரத்தில் கருவியைப் பிடித்திருப்பது பூட்டு நாக்கு மட்டுமே. தங்கள் பூட்டு நாக்கு 6 மி.மீ. தகடு, முழுதாக மூடிய நிலையில் புஷ்ஷின் மேல் 5 மி.மீ. தான் படிகிறது. அது ஓடும் காடி பின்பக்கம் மூடியில்லாமல் திறந்திருக்கிறது. ஈரமான கருமண் அதில் அப்பிக் காய்ந்தால் சுருள்வில்லுக்கு நாக்கை முழுதாகத் தள்ள வலு போதவில்லை. 5 மி.மீ.-இல் 3 போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் கைப்பிடி மூடிய நிலையில் இருப்பதுபோலவே தெரியும். கைப்பிடிக்கும் நாக்குக்கும் நடுவில் உள்ள கம்பியில் அவ்வளவு தளர்வு.

மாசி மாதம் எங்கள் மூன்றில் ஒன்றில், மற்ற ரோட்டவேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கொக்கி விட்டது. கருவி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடிய பி.டி.ஓ. ஷாஃப்ட் கோணலாகி, அதன் மூட்டில் உள்ள கிராஸ் உடைந்தது. டிரைவர் உடனே கிளட்சை மிதித்துவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே மூன்றிலும் பூட்டு நாக்கின் மேலே கொக்கியின் இரு கன்னத்திலும் 12 மி.மீ. துளை போட்டு, குறுக்கே ஒரு பின் செருகி, லிஞ்ச் பின்னும் போட்டுவிட்டோம். அதனால் பின்னைப் போடவும் எடுக்கவும் ஆள் இறங்க வேண்டியிருக்கிறது. "இதுக்குப் பழைய முறையே தேவலைங்க" என்று டிரைவர் சொன்னால் எங்களிடம் பதில் இல்லை.

பி.டி.ஓ. கருவிக்கு எப்படியும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஷாஃப்ட்டைக் கையால்தான் கோக்க வேண்டும். "சீட்டை விட்டு இறங்காமல்" என்ற வாசகம் ரோட்டவேட்டருக்கு முதல் நாளிலிருந்தே பொய். அதைவிட முக்கியம், இந்தச் சட்டம் கருவியை 100 மி.மீ. பின்னால் தள்ளுகிறது. ஷாஃப்ட்டின் உள் குழாயும் வெளிக் குழாயும் ஒன்றுக்குள் ஒன்று நிற்கும் நீளம் அந்த அளவு குறைகிறது. எங்கள் ஷாஃப்ட்டில் ஓட்ட நிலையில் 210 மி.மீ. இருந்தது 110 ஆகிவிட்டது. இவ்வளவு குறைந்த பிடியில் முறுக்கு விசை முழுவதும் குழாயின் நுனியில் விழும். வாய் விரியும், தூக்கும்போது கழன்றும் விடலாம். நீள ஷாஃப்ட் வாங்குவதே சரியான வழி. டிராக்டரின் ஸ்ப்ளைனில் (பி.டி.ஓ. பல்தண்டில்) நீட்டிப்புத் துண்டு மாட்டச் சொன்ன டீலரின் யோசனையை நாங்கள் ஏற்கவில்லை, அது பி.டி.ஓ. பேரிங்கில் கூடுதல் சுமை வைக்கும்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. எடை போட்டுப் பார்த்தோம், சட்டம் 38 கிலோ. 350 கிலோ ரோட்டவேட்டர் 0.1 மீட்டர் பின்னால் போவதையும், பின் அச்சிலிருந்து சுமார் 0.9 மீட்டரில் இந்த 38 கிலோ தொங்குவதையும் கணக்கிட்டால், 1.6 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) உள்ள டிராக்டரில் முன் சக்கரத்தின் மேல் உள்ள சுமை 43 கிலோ குறைகிறது. வாய்க்கால் கரை ஏறும்போது ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது. முன்னால் வெயிட் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி அச்சிட்டிருக்கலாம்.

நாங்கள் கேட்பது இதுதான். மூன்று சட்டங்களின் பூட்டுகளையும் உடனே மாற்றித் தர வேண்டும்: நாக்கு குறைந்தது 15 மி.மீ. படிய வேண்டும், காடிக்கு மூடி வேண்டும், மூடியதும் திறந்ததும் சீட்டிலிருந்தே தெரிய வேண்டும். இதே பூட்டோடு வேறு யாருக்கெல்லாம் விற்றிருக்கிறீர்களோ அவர்களுக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும்; இதை எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. மேல் கொக்கியை 381, 460 இரண்டிலும் போல்ட் போட்டு நிறுத்தும்படி மாற்றித் தர வேண்டும், முட்டுத் தகடு உட்பட எந்த இடத்திலும் அகலம் 44 மி.மீ. தாண்டக் கூடாது. கீழ்ப் புஷ் 14, மேல் புஷ் 7 தர வேண்டும். அல்லது லேத் கூலியையும் உடைந்த கிராஸின் விலையையும் திருப்பித் தர வேண்டும். துண்டறிக்கையில் உள்ள வாசகத்தை எடுத்துவிட்டு, வாங்குவதற்கு முன் கருவியில் எந்தெந்த அளவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சிட வேண்டும். இவை முடியாது என்றால் மூன்றையும் எடுத்துக்கொண்டு முழுத் தொகையைக் கொடுங்கள்.

டீலரிடம் இரண்டு முறை நேரில் சொல்லிவிட்டோம். "எல்லா ஊருக்கும் போகுதுங்க, உங்களுக்கு மட்டும் என்னங்க" என்றார். ஏழு கருவிகளின் அளவுகளையும் தாளில் எழுதிக் கொடுத்தோம். அதை மடித்து மேசையில் வைத்ததோடு சரி. 30 நாளுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

மஞ்சள் நடவு தொடங்கிவிட்டது. தங்கள் வடிவமைப்புப் பொறியாளர் ஒருவர் வெர்னியரும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு வரட்டும். முன்கூட்டியே சொன்னால் ஏழு கருவிகளையும் ஒரே களத்தில் நிறுத்தி வைக்கிறோம். ஒவ்வொன்றாக அவரே மாட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கூட்டாகக் கருவி ஓட்டும் விவசாயிகள்,
கோபி வட்டாரம்.

இணைப்பு: பில் நகல், ஏழு கருவிகளின் அளவுத்தாள், மேல் கொக்கி, பூட்டு நாக்கு, உடைந்த கிராஸ் ஆகியவற்றின் படங்கள், லேத் பட்டறை ரசீது.