போர்வையில் பார்த்த ஓட்டத்துக்கு நன்றி

ஊர்ச்சனங்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

2023 அக்டோபர் 4 சாயங்காலம் எங்கள் ஓட்டப் பிள்ளைகள் ஹாங்சோ ஆசியப் போட்டியைத் திரையில் பார்ப்பதற்காக நீங்கள் செய்ததற்கு வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பதே எனக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. அதனால் இந்த மடல்.

முதலில் தறிக்கார அண்ணனுக்கு. சென்னிமலைப் பக்கம் ஓடுகிற தறியை நிறுத்துவது சாதாரணம் இல்லை. "கமெண்ட்ரி காதுல விழ வேண்டாமாங்க டீச்சர்?" என்று அத்தனை தறியையும் நிறுத்தி, பக்கத்துக் குடோனையும் காலி செய்து கொடுத்தார். அந்த நேரத்துக்கும் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி கொடுத்திருக்கிறார். சொல்ல வேண்டாம் என்றார், மன்னித்துக்கொள்ளுங்க அண்ணா. ஜன்னலை அடைத்ததும் போர்வை, திரையாகக் கட்டியதும் போர்வை. புரொஜெக்டரோடு வந்த ஸ்டுடியோ தம்பி வாடகை வாங்கவில்லை.

வந்த கூட்டத்தில் பாதிப்பேர் நீரஜ் சோப்ராவின் ஈட்டிக்காக வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே மாலையில் அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். பெண்கள் 4×400 மீட்டர் தொடரோட்டம் வந்ததும், "வித்யா ராம்ராஜ் நம்ம கோயமுத்தூர்ப் பொண்ணுங்க" என்று பின்னாலிருந்து ஒரு அமுச்சி (பாட்டி) சத்தம் போட்டார். அப்புறம் யாரும் ஈட்டியைக் கேட்கவில்லை. அமுச்சிக்குத் தனி நன்றி.

வித்யாவின் அந்த மூன்று நாளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2-ஆம் தேதி 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றில் 55.42 விநாடி, 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய அதே நேரம். அன்றைக்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடுகிற கலப்புத் தொடரோட்டத்தில் வெள்ளி. மறுநாள் தடை ஓட்டத்தில் வெண்கலம். அதற்கு மறுநாள் ஐஸ்வர்யா மிஸ்ரா, பிராச்சி, திருச்சி சுபா வெங்கடேசனோடு இந்த ஓட்டம். 3 நிமிடம் 27.85 விநாடியில் வந்து வெள்ளி, பஹ்ரைனுக்குத் தங்கம். 2002 பூசானிலிருந்து 2018 ஜகார்த்தா வரை ஐந்து ஆசியப் போட்டியிலும் தங்கம் நம்மிடம்தான் இருந்தது. அது போனதில் முன்வரிசைப் பெரியவர்களுக்கு வருத்தம். பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. அவர்கள் பார்த்தது பேட்டனை, அதாவது தொடரோட்டக் குச்சியை, வாங்குகிற கையை.

"திரும்பிப் பாத்தே வாங்கறாங்களே டீச்சர், நாமளும் பாக்கலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். 4×400-ல் வருகிறவள் கால் ஓய்ந்து வருவாள், எந்த வேகத்தில் வருவாள் என்று சொல்ல முடியாது, அதனால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 4×100-ல் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். இதை நான் மைதானத்தில் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஏறியது.

லேத் பட்டறை மாமா அதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். மறுநாள் காலையில் அலுமினியக் குழாயில் நாலு பேட்டன் வெட்டி, விளிம்பை மழுக்கிக் கொண்டுவந்து நீட்டினார். நீளம் 28-லிருந்து 30 சென்டிமீட்டருக்குள், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது என்று யாரிடமோ கேட்டு, மளிகைக்கடைத் தராசில் நிறுத்தும் பார்த்திருக்கிறார். இத்தனை நாள் பிவிசி பைப்புத் துண்டை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப்போட்ட அம்மாமார்களுக்கும், கடைசி நடையை நிறுத்திவைத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போன மினிபஸ் டிரைவருக்கும் நன்றி. தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று பொண்ணுகளை அனுப்பிய வீடுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நன்றி. சனிக்கிழமை காலையும் அப்படியே அனுப்பிவையுங்க, நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், நீல எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்க.

இப்படிக்கு,
ஓட்டப் பிள்ளைகளின் டீச்சர்