ஷின் யுன் போக் ஆம்பளைதான் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் ஓடிடி பக்கத்துல 'பெயிண்டர் ஆஃப் தி விண்ட்' கொரியன் சீரியலுக்கு விமர்சனம் போட்டிருந்தீங்க. 2008ல வந்த சீரியல், இருபதே எபிசோடு, இப்பவாச்சும் உங்க கண்ணுல பட்டுச்சேன்னு ஆசையா படிக்க உக்காந்தேன். "ஆண் வேடமிட்டு அரண்மனை ஓவியரான ஷின் யுன் போக் என்ற பெண்ணின் உண்மைக் கதை"ன்னு ஒரு வரி. உண்மைக் கதையாம். அதுக்கு மேல எனக்குப் படிக்கவே ஓடலை.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் எழுதுறேன். ஷின் யுன் போக் 1758ல பொறந்த ஆம்பளை. அப்பா ஷின் ஹான் ப்யோங்கும் அரண்மனை ஓவியர்தான், ராஜா உருவப்படம் வரையுற வேலைக்கெல்லாம் கூப்பிடப்பட்டவர். 1928ல கொரிய ஓவியர்களைப் பத்தி ஓ சே சாங் தொகுத்த புத்தகத்துல ஷின் யுன் போக்குக்கு இன்னார் மகன், அரசு ஓவியர், ஜனங்களோட வாழ்க்கையை நல்லா வரைவார்னு குட்டியா ஒரு குறிப்பு இருக்கு. ஷின் யுன் போக்கைப் பத்தி அதுக்கு மேல பெருசா ஒண்ணும் கிடைக்கலை, கிடைக்காததாலதான் லீ ஜங் ம்யுங்னு ஒரு எழுத்தாளர் அவர் பொண்ணா இருந்திருந்தா எப்படி இருக்கும்னு நாவல் எழுதினார், அது சீரியலாச்சு. அதுல நடிச்ச மூன் கியுன் யங் அந்த வருஷம் சீரியலைப் போட்ட சேனலோட பெரிய விருதை 21 வயசுலயே வாங்குச்சு. நல்ல கற்பனை, நானே ராத்திரி தூங்காம பாத்தேன். அண்ணன்காரன் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டு வண்ணம் தயாரிக்கிற இடத்துக்குப் போற கட்டத்துல அழுதும் தொலைச்சேன். அதுக்காக அது சரித்திரமா?

என் பழைய மாணவி ஒருத்தி காலேஜ்ல ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிறா. உங்க பக்கத்தை போட்டோ எடுத்து "மேம், மறைக்கப்பட்ட பெண் ஓவியர்கள் செமினார்ல இவங்களையும் சேத்துட்டேன்"னு சந்தோஷமா வாட்ஸ்அப்ல அனுப்புறா. அந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? அச்சுல வந்தா சரியாத்தான் இருக்கும்னு க்ளாஸ்ல சொல்லிக் கொடுத்ததே நாங்கதானே. பெண் ஓவியர்தான் வேணும்னா ஷின் சைம்தாங் 1504லயே பொறந்து திராட்சைக்கொடியும் பூச்சியும் வரைஞ்ச நிஜமான அம்மா, தென் கொரியாவோட 50,000 வோன் ரூபா நோட்டுல அவங்க முகம்தான் இருக்கு. அவங்களைப் பத்தி உங்க பத்திரிகையில ஒரு வரி வந்ததா எனக்கு ஞாபகமில்ல. கொரியான்னா உங்களுக்கு முகத்துக்குப் போடுற க்ரீம், கிம்ச்சி, ஹீரோவோட ஹேர்ஸ்டைல், அவ்வளவுதானே.

அடுத்து படம். அதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. ஷின் யுன் போக்கோட டானோ பண்டிகை ஓவியத்தைப் போட்டிருந்தீங்க. மஞ்சள் சட்டை, செவப்புப் பாவாடையில ஒருத்தி ஊஞ்சல்ல ஒரு காலை வைக்கிறா, கீழ ஓடையில பொண்ணுங்க குளிக்கிறாங்க. சரி, இடது ஓரத்துல பாறை இடுக்குல ஒளிஞ்சு எட்டிப் பாத்து இளிக்கிற ரெண்டு சின்னப் பிக்குகள் எங்க சார்? பக்கத்துல இடம் பத்தலைன்னு கத்தரிச்சிட்டீங்க. அந்த ரெண்டு பசங்கதான் படத்தோட குறும்பே, அதை எடுத்துட்டா அது வெறும் குளிக்கிற படம். அந்தப் படம் இருக்கிற முப்பது ஓவியத் தொகுப்பை 1930கள்ல ஜோன் ஹ்யோங் பில்ங்கிற மனுஷன் சொந்தக் காசைக் கொட்டி ஒசாகா வியாபாரிகிட்டேருந்து மீட்டுட்டு வந்தார், இன்னிக்கு அது அங்க தேசியப் பொக்கிஷம். அது உங்க லேஅவுட் ஆளு கையில மாட்டும்னு அவர் எங்க கண்டார். படத்துக்குக் கீழ "கிம் ஹோங் டோவின் கைவண்ணம்", அதுக்கும் கீழ பொடி எழுத்துல "படம்: இணையம்". இணையம் எப்ப சார் பிரஷ் புடிச்சுது?

கிம் ஹோங் டோ அதே காலத்துல இருந்த இன்னொரு அரண்மனை ஓவியர். அவர் வேற, ஷின் யுன் போக் வேற. அவர் மல்யுத்தப் படம் தெரியுமில்ல, நடுவுல ரெண்டு பேர் கட்டிப் புரளுறான், கழட்டிப் போட்ட செருப்பு ஓரமா கெடக்கு, சுத்தி அத்தனை பேரும் வாயைப் பொளந்து பாக்க மிட்டாய்த் தட்டுக்காரன் மட்டும் எனக்கென்னன்னு வேற பக்கம் திரும்பி நிக்கிறான். பின்னாடி மரம் மட்டை ஒண்ணும் கிடையாது. கீழ வலது மூலையில சாஞ்சு உக்காந்திருக்க ஆளோட கையைப் பாருங்க, இடது வலது மாறியிருக்கும், வேணும்னே போட்டார்னும் சொல்வாங்க. கடைசி எபிசோடுகள்ல ரெண்டு பேரும் போட்டி போட்டு வரையுற கட்டத்துக்கு இந்தப் படத்தைத்தான் எடுத்திருக்காங்க. உங்க விமர்சகர் அந்தக் கட்டத்தைத்தான் "ஃபார்வர்டு செய்து பார்க்கலாம்"னு எழுதியிருக்கார். பேஷ்.

இன்னொண்ணு, "வழக்கமான அரண்மனைச் சதி"யாம். சீரியல்ல வர்ற ஜோங்ஜோ ராஜாவுக்குப் பத்து வயசு கூட நிரம்பாதப்ப, 1762ல, அவரோட அப்பா சாடோ இளவரசனைத் தாத்தா உத்தரவுல அரிசிப் பெட்டியில அடைச்சுக் கொன்னாங்க. அந்த அப்பாவோட உருவப்படத்தைத் தேடுறதுதான் சீரியல்ல பாதிக் கதை. இதுல எது சார் வழக்கம்?

நான் காலம் பூரா ட்ராயிங் டீச்சரா இருந்தவ. எங்க பீரியடுன்னா கணக்கு சாருக்கு எக்ஸ்ட்ரா க்ளாஸ், கலெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் போர்டுல பூப் போட எங்களைத் தேடுவாங்க. அதனாலதான் டோஹ்வாசோன்னு ஓவியத்துக்குன்னே ஒரு அரசு அலுவலகம், ஊர்வலம் போனா எந்தக் குதிரை எங்க நின்னுச்சு எந்தக் கொடி யார் கையில இருந்துச்சுன்னு வரைஞ்சு வைக்கச் சம்பளம் வாங்குற ஆளுங்கன்னு பாத்தப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. அதையும் ஒரு வரி எழுதலை நீங்க. நாலு வருஷம் முன்னாடி என் கோலத்தை அட்டையில போட்டு "வாசகி"ன்னு மட்டும் பேர் கொடுத்தீங்க, பரிசுன்னு சொன்ன குக்கரும் வரலை, கேட்டு எழுதின கார்டுக்குப் பதிலும் வரலை. அது போகட்டும், நான் என்ன ஷின் யுன் போக்கா.

பெருசா ஒண்ணும் கேக்கலை. அடுத்த இதழ்ல ஷின் யுன் போக் ஆண், சீரியல் கற்பனைன்னு ஒரு திருத்தம், ஓரமா பொடி எழுத்துலயே போடுங்க போதும், அந்தப் பொண்ணு செமினாருக்கு முன்னாடி வந்தா நல்லது. இனிமே ஓவியம் போட்டா வரைஞ்சவர் பேரையும் சரியாப் போட்ருங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
ஈரோடு.